தம்பிரான் புண்ணியம்

வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஜீப் நின்றுபோனது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ரெண்டு தடவை விக்கியது, ஒரு பெருமூச்சு விட்டது, அடங்கிவிட்டது. சமதளம். பின்னால் வந்த மினி லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அவரே இறங்கி வந்து தள்ளினார். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி வேப்பமரத்தடியில் ஓரமாக நின்றது. டீ வாங்கிக் குடித்தேன். நடந்தது அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள் இதே ஜீப்பில் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மூணாறு போய்விட்டு வந்திருந்தேன். போடிமெட்டு வழியாக ஏறி, இருட்டின பிறகு அதே வழியாக இறங்கினோம். 17 கொண்டை ஊசி வளைவுகள். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மலைப்பாதையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு விடிகாலையில் மலையேறும் ஜீப்புகளையும், அவற்றில் ஏதோ ஒன்று எப்போதாவது கவிழ்ந்ததாக வரும் செய்தியையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஏறும்போதே இழுவை குறைவாக இருந்தது. ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, செகண்ட் கியரில் வண்டி ஒரு நொடி தயங்கியது. எனக்குத் தெரிந்தது. ‘வயசாயிருச்சுல்ல’ என்று நினைத்துக்கொண்டு ஃபர்ஸ்டுக்கு மாறினேன். பிள்ளைகள் பாட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த ஒரு நொடிதான்.

ஜீப் 1998ஆம் வருடத்து மஹிந்திரா கமாண்டர். அப்பா பூண்டு வியாபாரத்துக்கு வாங்கியது. பூம்பாறை, மன்னவனூர் என்று கொடைக்கானல் மேல்மலைக்குப் போய்ப் பூண்டு எடுத்துவந்து இங்கே சந்தையில் போடுவார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. பதினெட்டு வருடம் ஒரே டிரைவர். நாங்கள் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா போன பிறகு வியாபாரம் நின்றது, அண்ணனும் கண்ணில் புரை விழுந்ததால் ஓட்டுவதை விட்டுவிட்டார். அதிலிருந்து ஜீப் தகரக் கொட்டகையில் நிற்கிறது. பெங்களூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவேன், ஸ்டார்ட் பண்ணுவேன், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி நிறுத்துவேன். அதற்குப் பெயர் பராமரிப்பு என்று நினைத்திருந்தேன்.

போன் போட்டதும் டிரைவர் அண்ணன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். கண் ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாகத் தெரிகிறதாம். பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்.

“ஃபில்டர் எப்ப மாத்துனீங்க தம்பி?”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

டீசல் எஞ்சினில் ஃபில்டர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சின் மாதிரி இதில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் புகை மாதிரி பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அப்படிப் பீய்ச்சப் பழைய எஞ்சின்களிலேயே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல 200 மடங்கு. அந்த அழுத்தத்தை உண்டாக்குகிற பம்புக்குள் உலக்கையும் உரலும் மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான். அந்த இடைவெளியில் ஒரு மணல் துகள் போனாலே கீறல். அதோடு, இந்தப் பம்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் மசகும்கூட. தண்ணீர் கலந்து போனால் மசகு போய் உரசும், துருப்பிடிக்கும்.

எங்கள் ஜீப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள். முதலாவதில் துணி ஃபில்டர், அடுத்ததில் பேப்பர் ஃபில்டர். முதலாவது பெருந்தூசியைப் பிடிக்கும், இரண்டாவது நுண்தூசியை. தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் தங்கும். அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி அதை வடித்துவிட வேண்டும். அண்ணன் மாதம் இருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன்னால் வடிப்பார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினெட்டு வருடம் நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த வேலை.

அவர் ஒரு பழைய ஆயில் கேனைப் பாதியாக அறுத்துக் கீழே வைத்தார். நடு போல்ட்டைத் திருகி முதல் கிண்ணத்தை இறக்கினார். நான் டீசல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது டீக்கடைச் சாக்கடை மாதிரி ஒன்று. அடியில் அரை டம்ளர் தண்ணீர், அதன்மேல் கருப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிருக்கு ஈரம் வேர்த்து இறங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேர்கிற கோட்டில் நுண்ணுயிர்கள் குடியேறி டீசலைத் தின்று வளரும். மாதக்கணக்கில் சும்மா நிறுத்திவைத்த வண்டியில் இது நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அன்போடு ஸ்டார்ட் செய்து, மறுபடி பாதி டேங்க்கோடு நிறுத்தினேனே, அந்தப் பண்ணையை வளர்த்தவன் நான்தான்.

“இதோட மலையேறுனீங்களா?” என்றார்.

மலை ஏறும்போது எஞ்சின் அதிக டீசல் கேட்கும். அடைத்த ஃபில்டர் கொடுக்காது. பாதி ஏற்றத்தில் நிற்க வேண்டிய வண்டி. எஞ்சின் நின்றால் என்ன, பிரேக் இருக்கிறதே என்று நினைக்கலாம். டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடத்தை எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்னப் பம்புதான் தருகிறது. எஞ்சின் நின்ற பிறகு ஓரிரு மிதியில் அது தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். இருட்டில், வளைவில், பின்னால் அக்கா பிள்ளைகளோடு. மறுநாள் காலையில் மார்க்கெட் பக்கத்துச் சமதளத்தில் நின்றது அந்த வண்டிதான்.

“தப்பிச்சது தம்பிரான் புண்ணியம்” என்று சொல்லிவிட்டு அண்ணன் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இதை ஒரு பெரிய சிக்கலாகப் பேசியிருக்கிறார். 1976இல் அவரும் பெர்னார்ட் வில்லியம்ஸும் ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். அற விஷயத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா என்பது கேள்வி. நேகலின் உதாரணங்களில் ஒன்று ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் சமீபத்தில் சோதித்துப் பார்க்காத சின்ன அலட்சியம். ஒரு குழந்தை குறுக்கே வருகிறது, வண்டி மோதிவிடுகிறது. வாழ்நாள் முழுக்க அவன் தன்னைக் குற்றவாளியாக நினைப்பான், உலகமும் அப்படித்தான் நினைக்கும். அதே அலட்சியத்தோடு அதே தெருவில் போன இன்னொருவன் முன்னால் குழந்தை வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான். இருவருக்கும் நடுவே அவர்கள் செய்ததிலோ செய்யாததிலோ எந்த வித்தியாசமும் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்காக ஒருவனைப் பழிக்கக் கூடாது என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் பழிக்கும்போது குழந்தையை வைத்துத்தான் பழிக்கிறோம்.

கல்லூரி முடித்த புதிதில் இதைப் படித்தபோது, நல்ல புதிர் என்று ரசித்தேன். வேப்பமரத்தடியில் எனக்கு அது புதிராகத் தெரியவில்லை. நான் அந்த இரண்டாவது டிரைவர். எனக்கு யாரும் தண்டனை தரப்போவதில்லை. அம்மாவிடம் சொன்னால்கூட “அதான் ஒண்ணும் ஆகலையே” என்பார். ‘ஒண்ணும் ஆகல’ என்பதை நாம் ஒரு தீர்ப்பு மாதிரி சொல்கிறோம். அதற்குமேல் விசாரணையே கிடையாது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நேகல் அதற்குள் அதிகம் போகவில்லை என்று நினைக்கிறேன். அலட்சியத்தை மறைக்கிற அதே ‘ஒண்ணும் ஆகல’தான் கவனத்தையும் மறைக்கிறது. பதினெட்டு வருடம் எங்கள் ஜீப்புக்கு ஒண்ணும் ஆகவில்லை. மேல்மலையிலிருந்து பூண்டு மூட்டையோடு எத்தனை இரவு இறங்கியிருக்கும். ஒருமுறைகூட நடுவழியில் நின்றதாக அப்பா சொன்னதில்லை. “நம்ம வண்டி ராசியான வண்டி” என்றுதான் சொல்வார்.

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஃபில்டர் விஷயத்தில் ஒரு பிணக்கு இருந்தது. ஃபில்டர், வாஷர், கிரீஸ் என்று அடிக்கடி பில் வரும். அப்பா ஒருநாள் கேட்டுவிட்டார். “வண்டி நல்லாத்தான ஓடுது, எதுக்குய்யா ஃபில்டர்?” கேள்வியின் அபத்தம் எனக்கு இப்போது சிரிப்பை வரவைக்கிறது. மருந்து சாப்பிட்டுக் காய்ச்சல் போனவன் ‘காய்ச்சல்தான் இல்லையே, எதுக்கு மருந்து’ என்று கேட்ட கதை. ஆனால் அப்பாவை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. பொய் பில் போடும் டிரைவர்கள் ஊரில் இருந்தார்கள். அப்பா நான்காம் வகுப்பு வரை படித்தவர், மூட்டைக்கு ஒரு ரூபாய் ரெண்டு ரூபாய் பார்க்கிற வியாபாரி. பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? கடைசியில் ஒரு விதி போட்டார். பழைய ஃபில்டரைக் கொண்டுவந்து காட்டினால்தான் புது ஃபில்டருக்குக் காசு.

அதிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் கருப்பு ஃபில்டர்கள் இருக்கும். ஒரு செய்தித்தாளின்மேல் ஜோடி ஜோடியாக. டீசல் வாடை வரும். நான் சிறுவனாக இருந்தபோது ஜீப் வைத்திருக்கிற எல்லார் வீட்டுத் திண்ணையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தான் திருடன் இல்லை என்று ஒருவர் மாதாமாதம் சாட்சி கொண்டுவந்து வைக்கிறார் என்று தெரியாது.

அதை இப்போது அண்ணனிடம் கேட்டேன். “வருத்தமா இருந்துச்சாண்ணே?”

பேப்பர் ஃபில்டரைக் கத்தியால் நெட்டுக்குக் கிழித்து மடிப்புகளை விரித்துக்கொண்டிருந்தார். “மொதலாளி கேட்டதுல தப்பு இல்ல தம்பி. காசு குடுக்குறவுக கேக்கத்தான் செய்வாக. கொண்டாந்து வச்சேன்ல, ஒருநாளாவது எடுத்துப் பாத்துருக்கலாம். பழைய இரும்புக்காரன் வந்துதான் அள்ளிட்டுப் போவான்.”

விரித்த மடிப்பை என்னிடம் நீட்டினார். வெளிப்புற மடிப்புகள் தார் பூசினது போல இருந்தன. உள்ளே போகப் போகக் காவி நிறத்தில் துரு. கடைசி ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் காகிதத்தின் பழைய மஞ்சள். “இந்த ஓரம் வழியாத்தான் நேத்து மலையேறிருக்கீக.”

தமிழில் ‘ரிப்பேர் செய்வது’ என்பதற்குப் பழுது பார்ப்பது என்கிறோம். நீக்குவது, தீர்ப்பது என்று சொல்லாமல் பார்ப்பது என்கிறோம். வைத்தியம் பார்க்கிறார்கள், பிரசவம் பார்க்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறோம். அப்பா கணக்குப் பார்த்தார், பழுதைப் பார்க்கவில்லை. நடக்காமல் போன ஒரு விஷயத்துக்கு உலகத்தில் தடயமே இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். இருக்கிறது. பதினெட்டு வருடம் எங்கள் ஜீப்புக்கு நடக்காமல் போனதெல்லாம் ஜோடி ஜோடியாகத் திண்ணையில் இருந்தது.

அப்பாவைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சில வருடங்களுக்கு முன்பு நான் ஒரு டீமுக்கு லீடாக இருந்தேன். அதில் ஒரு பெண் எங்களுக்கான சர்வர்கள், பேக்கப்புகள், காலாவதியாகும் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். இன்னொருவர் எழுதியது அடிக்கடி உடையும். நள்ளிரவில் எழுந்து அவரே சரிசெய்வார், மேலிடத்திலிருந்து பாராட்டு மெயில் வரும். வருட மதிப்பீட்டில் அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது இது. “இந்த வருஷம் குறிப்பா என்ன பண்ணீங்கன்னு சொல்ல முடியுமா?” அவர் யோசித்து, “எதுவும் ஆகல இல்லையா?” என்றார். அது பெருமையாகச் சொன்ன பதில் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வாராவாரம் அறிக்கை எழுதச் சொன்னேன். எழுதினார். நான் ஒன்றையும் திறந்து படிக்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போய் ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை இரவு டிஸ்க் நிறைந்து எல்லாம் நின்றது. பிறகு அந்த அறிக்கைகளைத் தேடிப் படித்தேன். அந்த டிஸ்க்கைப் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருந்தார்.

என் துறையே இப்படியொரு வேலையில்தான் நிமிர்ந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது, வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்திருந்த கம்ப்யூட்டர்கள் குழம்பும் என்று உலகமே பயந்தது. அதைச் சரிசெய்யப் போனதில்தான் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் வெளிநாட்டில் காலூன்றின. ஜனவரி 1 விடிந்தது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உடனே ‘சும்மா பூச்சாண்டி காட்டினார்கள்’ என்று பேச்சு வந்தது. இன்றைக்கும் அப்படி நம்புகிறவர்கள் நிறைய.

எங்கள் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னி குயிக்கின் படம் இல்லாத டீக்கடை கம்பம் பக்கம் குறைவு. பொங்கலுக்குப் படையல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் வந்தது. எல்லாம் தகும். ஆனால் அது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அணை. 1979க்குப் பிறகு அதன் தலையில் கான்கிரீட் போர்த்தி, உடம்பில் துளையிட்டு எஃகுக் கம்பிகளை இறக்கிப் பாறையோடு கட்டி, பின்னால் கான்கிரீட் சுவர் முட்டுக்கொடுத்தவர்கள் பெயரை எந்தப் பிள்ளைக்கும் வைக்கவில்லை. இன்றைக்கும் கசிவு நீரை அளந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை ஒழுங்காக நடக்கும்வரை அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது.

இதைச் சொல்லிப் பராமரிப்பைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. தேவையில்லாமல் திறக்கப்படும் ஃபில்டருக்குள்ளும் தூசி போகும், வாஷர் சரியாக உட்காராமல் காற்று இழுக்கும். ‘ஓடுற வண்டியில கை வைக்காத’ என்பதும் அனுபவத்தில் வந்த அறிவுதான். ஃபில்டருக்கும் எல்லை உண்டு. தூசியையும் தண்ணீரையும் அது பிடிக்கும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் காகிதத்துக்குத் தெரியாது, அதை ஆள்தான் பிடிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் அப்படிப் பிடித்தவர் எஸ். மஞ்சுநாத், இந்தியன் ஆயில் அதிகாரி, ஐஐஎம் லக்னோவில் படித்தவர். கலப்படம் செய்த பங்க்குகளுக்குச் சீல் வைத்தார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். 27 வயது. அவரால் எத்தனை வண்டிகளின் பம்புகள் தேயாமல் தப்பின என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. கொலை நடந்ததால் நமக்கு அவர் பெயர் தெரியும். கொல்லப்படாமல் ஓய்வு பெற்றுப் போன மஞ்சுநாத்களை நினைத்துப் பார்க்கிறேன்.

புது ஃபில்டர் வாங்கிவர நான் அண்ணனின் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு பெரியகுளம் போய்வந்தேன். இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். அக்கா பிள்ளைகளுக்கு மூணாறில் வாங்கிக்கொடுத்த சாக்லேட் அதைவிட அதிகம்.

மாட்டும் வேலையை என்னைச் செய்யச் சொன்னார். கிண்ணத்தைச் சுத்தமான டீசலில் அலசி, பழைய ரப்பர் வளையத்தை நோண்டி எடுத்துவிட்டுப் புது வளையத்தை உட்காரவைத்து, போல்ட்டை முடுக்கினேன். “ரொம்ப முறுக்காதீக, கிண்ணம் வெடிச்சுரும்.” அடுத்து ஏர் எடுக்க வேண்டும். காற்று அழுங்கும், டீசல் அழுங்காது. குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பம்ப் அந்தக் குமிழியை அழுத்திக்கொண்டே இருக்கும், நாசில் திறக்காது. ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கினேன். நுரை நுரையாக வந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் வலித்தது.

“இப்ப முடுக்கட்டுமா?”

“இன்னும் நுர வருதுல்ல. பாருங்க.”

நுரை நின்று கண்ணாடி மாதிரி டீசல் வந்த பிறகுதான் முடுக்கச் சொன்னார். அப்புறம் பம்ப்புத் திருகிலும் அதே மாதிரி. சாவியைப் போட்டதும் ஏழெட்டுச் சுற்று வெறுமனே சுற்றியது, பிறகு வெள்ளைப் புகை கக்கிப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து ஜீப்பைக் கொட்டகையில் விட்டுவிட்டுத் திரும்பினால், அண்ணன் திண்ணையில் ஒரு செய்தித்தாளை விரித்து, கிழித்த ஃபில்டரையும் துணி ஃபில்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே இருந்து பார்த்துவிட்டு, “இன்னமுமா அதக் கொண்டாந்து வைக்கிற? தூக்கிப் போடுப்பா, வாடை அடிக்குது” என்றார்.

“பழக்கம்க்கா” என்று சிரித்தார்.

நான் காசு கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார். அப்புறம் டேங்க்கைக் கழற்றிக் கழுவாமல் இந்த ஃபில்டர் ரெண்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்றும், அடுத்த தடவை வரும்போது நாலு நாள் லீவோடு வரச் சொல்லியும் கிளம்பினார். அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் நான் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தேன். மொத்தம் எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, அறுபதுக்குமேல் கை வழுக்கி விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.